கை எடுத்தாச்சா?

“போதும்” என்று அவள் குரல் கொடுத்த பிறகும் பல்சக்கரம் இன்னும் ஒரு பல் நகர்ந்துதான் நின்றது.

ஒரே ஒரு பல். வேறு நேரமாக இருந்தால் கண்ணில்கூடப் பட்டிருக்காது. ஆனால் ஜெட் ஸ்கீயின் வயிற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய ஓட்டை வழியாக அந்தச் சக்கரத்தையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது சுருக்கென்றது. பழைய எண்ணெயும் பெட்ரோலும் ஏரிப்பாசியும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. விலா எலும்பு வண்டியின் விளிம்பில் அழுந்தி வலித்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மம் ஒன்றுகூட இந்தப் படகுத்துறையில் கிடையாதா என்று மனதுக்குள் பொருமினாள்.

ஜெட் ஸ்கீயில் கியர் கிடையாது. பின்பக்கம் அடியில், தண்ணீரை உறிஞ்சும் வாய்க்குள் ஒரு விசிறி. விசிறியிலிருந்து நேராக ஒரு தண்டு. தண்டின் மறுமுனையில் இஞ்சின். விசிறியைக் கையால் சுற்றினால் இஞ்சினும் கூடவே சுற்றும். கோளாறு ஸ்டார்ட்டரிலா, இல்லை இஞ்சினே இறுகிவிட்டதா என்று கண்டுபிடிக்க அவள் எப்போதும் செய்வது இதைத்தான். பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த வாயை மூடியிருக்கும் கம்பித் தட்டியின் இடுக்கில் விரலை விட்டு விசிறியைச் சுற்றுவார். இன்னொருவர் மேலே ஓட்டை வழியாகச் சக்கரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சுத்து என்றால் சுற்ற வேண்டும், போதும் என்றால் நிறுத்த வேண்டும். கடைசியில், அடியில் இருப்பவர் ‘கை எடுத்தாச்சு’ என்று வாயைத் திறந்து சொல்கிறவரை, மேலே இருப்பவர் ஸ்டார்ட் பட்டன் பக்கமே போகக் கூடாது. அவள் தொழில் பழகிய பட்டறையின் முதலாளிக்கு வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது. அதனால் இந்த விஷயத்தில் அவளுக்கு விளையாட்டே பிடிக்காது.

“அண்ணே, போதும்னா போதும்தான். கை எடுத்தாச்சா?”

சிமெண்ட் சரிவில் தண்ணீர் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே! உங்களத்தான் கேக்குறேன். கை எடுத்தாச்சா?”

“என்னையாம்மா கூப்பிட்ட?”

குரல் அடியிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. அவள் டார்ச்சைத் துப்பிவிட்டுத் தலையை வெளியே எடுத்தாள். டிக்கெட் அண்ணன் ஆபீஸ் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தார். சீசனில் டிக்கெட் கிழிப்பவர். ஆள் வராத இந்த மாதங்களில் துறைக்கு அவர்தான் காவல். ஒரு காது சரியாகக் கேட்காது.

“நீங்க எப்ப மேல போனீங்க?”

“போன் அடிச்சுதேம்மா. நீ உள்ள தலைய விட்டதுமே போயிட்டேன். சொல்லிட்டுத்தான் போனேன், உனக்குக் கேக்கல போல. மீட்புக்காரங்கதான் பேசுனாங்க. வர்ற வழியில மரம் விழுந்து கெடக்காம். அறுத்துப் போட்டுட்டு வர்றதுக்கு ரெண்டு மணி நேரமாவது ஆகுமாம்.”

“ரெண்டு மணி நேரமா? அதுவரைக்கும் அவன் என்ன, தண்ணிக்குள்ள தூங்கிட்டா இருப்பான்?” என்று கத்தினாள். அப்புறம்தான் மற்றது உறைத்தது. “அப்ப விசிறியச் சுத்துனது நீங்க இல்லையா?”

“நான் இன்னும் படுக்கவே இல்லையேம்மா. பாரு, சட்டையெல்லாம் காஞ்சுதான் கெடக்கு.”

அவள் குனிந்து, வண்டியை ஏற்றி வைத்திருந்த டிராலிக்கு அடியில் பார்த்தாள். ஈர சிமெண்ட். பாசி. சரிவின் கீழே வண்டியின் பின்புறத்தை எட்டி எட்டித் தொடுகிற பழுப்புத் தண்ணீர். அலை தட்டிச் சுற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அலை தட்டியெல்லாம் அந்த விசிறி சுற்றாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை.

மணி மூன்றரை. காற்றில் அறுந்து போன மிதவைச் சங்கிலியைக் கட்டப் போன கொழுந்தனின் சின்னப் படகு ஏரி நடுவில் கவிழ்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மிதவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறான், கழுத்தில் தண்ணீர் புகாத உறைக்குள் போன் இருக்கிறது, அதுவரைக்கும் புத்திசாலி. ஆனால் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. பெரிய படகைப் பெயிண்ட் அடிக்கக் கரையேற்றி, இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கால் மிதிக்கிற படகு இந்தக் காற்றில் பத்தடி போகாது. அவனிடம் போய்ச் சேரக்கூடிய ஒரே வண்டி இந்த ஜெட் ஸ்கீ. அது பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்கிறது. அதோடு சரி.

அந்த ‘டக்’ பத்து நாளாகவே இருந்தது. “அண்ணி, ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணுது, கழட்டிப் பாருங்க” என்று அவன் பத்து தடவை சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் அவள் மரச் சுத்தியலால் மோட்டார் தலையில் ரெண்டு தட்டு தட்டினாள், அது ஓடியது, அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவளாக இழுத்து விட்டுக்கொண்ட வினை.

நல்ல வேளையாகப் புது ஸ்டார்ட்டர் ஒன்று ஷெட் அலமாரியில் இருந்தது. ஓடிப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, டேப்பைக் கிழித்துத் திறந்தாள். உள்ளே கருகிப்போன ஒரு பழைய மோட்டார், புதுசுக்குரிய மரியாதையோடு, பிளாஸ்டிக் உறைக்குள் படுத்திருந்தது.

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். பெரிய படகின் பம்பைத் தூக்கிக்கொண்டு அவன் காலையிலேயே டவுனுக்குப் போயிருந்தான். விஷயம் தெரிந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அந்த விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, ஸ்டார்ட்டர் பெட்டியில என்னத்த வச்சிருக்கீங்க?”

“பழசு. தூக்கிப் போட மனசு வரல.”

“புதுசு எங்க?”

“போன மாசம் வித்தமே, அந்த வண்டிக்கு மாட்டிட்டேன். அன்னைக்கே சொன்னேனே.”

“சொல்லல.”

“சொன்னேன்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்களா? நல்லா நெனச்சீங்க! உங்க தம்பி அங்க செத்துக்கிட்டிருக்கான், நீங்க பழசப் பெட்டியில வச்சு அழகு பாத்துட்டிருக்கீங்க!” என்று போனை வைத்துவிட்டாள். பழசைப் புதுசு பெட்டியில் வைப்பது இந்தக் குடும்பத்துக்கே உள்ள நோய். மாமியார் வீட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசி நூல்தான் இருக்கும்.

டிக்கெட் அண்ணனை மெயின் ரோட்டுக்கு அனுப்பினாள். துறைக்குத் திரும்புகிற பாதையை எல்லோரும் தவறவிடுவார்கள். மீட்பு வண்டி வந்தால் கை காட்ட அங்கே ஒரு ஆள் வேண்டும். அவர் குடையை எடுத்துக்கொண்டு படியேறி மறைந்தார். அவ்வளவு பெரிய ஏரிக்கரையில் அவள் மட்டும் இருந்தாள்.

இரண்டு மோட்டாரையும் ஷெட்டு மேஜையில் பிரித்துப் போட்டாள். வண்டியிலிருந்து கழற்றியதிலிருந்து ஒரு டம்ளர் துருத் தண்ணீர் கொட்டியது. உள்ளே மின்சாரத்தைச் சுருளுக்குக் கடத்தும் கார்பன் துண்டுகள் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. கருகிய பழசில் சுருள் எரிந்திருந்தாலும் கார்பன் நன்றாகத்தான் இருந்தது. ஆக, இதன் கார்பனை அதற்குப் போட்டு, ரெண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம். அரைமணி வேலை. ஸ்பிரிங்கை ஒரு விரலால் அமுக்கி, கார்பனை இன்னொரு விரலால் தள்ளி, மூடியை மூன்றாவது கையால் மாட்ட வேண்டும். மூன்றாவது கை இல்லாததால் ஸ்பிரிங் தெறித்துப் போய் மேஜைக்கு அடியில் எங்கோ விழுந்தது. முட்டி போட்டுத் தேடினாள். கிடைத்தது. மறுபடி தெறித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஷெட்டுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், சரிவில் நிற்கிற வண்டிக்குள்ளிருந்து. சர்ர்ர்... சர்ர்ர்... தண்டு அதன் ரப்பர் வளையத்துக்குள் மெதுவாக உரசிச் சுற்றுகிற சத்தம். இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். யாரோ அடியில் படுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், விரலால் விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

“யாரது?”

சர்ர்ர். சர்ர்ர்.

பயமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. இங்கே ஒரு ஸ்பிரிங்கோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், அங்கே யாருக்கு விளையாட்டு? பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி ஒரு அதட்டல் போட்டாள். “போதும்!”

சத்தம் நின்றது.

அவள் ஸ்குரூ டிரைவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். டிராலிக்கு அடியில் யாருமில்லை. சரிவில் கால் தடம் இல்லை. ஏரியின் மேல் மூடுபனி தாழ இறங்கியிருந்தது. எட்டி ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள். சுற்று எண்ண வசதியாக ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டைக்கு நேராக விட்டிருந்தாள். கோட்டைக் காணவில்லை. அது சக்கரத்தோடு எங்கேயோ சுற்றிப் போயிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தபோது அவள் துள்ளிவிட்டாள்.

“அண்ணி.” கொழுந்தனின் பல் அடித்துக்கொள்வது தெளிவாகக் கேட்டது. “ஆச்சா? இல்ல நான் நீந்தியே வந்துடட்டுமா?”

“வாய மூடிட்டு மிதவைய இறுக்கிக் கட்டிப் பிடி. இன்னும் அரைமணி நேரம்.”

“ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியும் அரைமணிதான் சொன்னீங்க.”

“அப்ப சொன்னது வேற அரைமணி.”

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. கல்யாணமாகி வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்த பயல். அவள் கை சோறுதான் வேண்டும் என்று அடம் பிடித்தவன். இன்றைக்கும் அவள் திட்டினால் மட்டும்தான் கேட்பான். அவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது?

ஷெட்டுக்குத் திரும்பிப் போய், விரல்களைத் தொடையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கார்பன்களை நூலால் இழுத்துக் கட்டி, மூடியை மாட்டி, நூலை உருவினாள். பேட்டரியில் நேராக ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். மோட்டார் ‘வ்ர்ர்ர்’ என்று கையிலிருந்து துள்ளியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு அந்த மோட்டாருக்கே ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

வண்டியில் மாட்டுவது அடுத்த கொடுமை. மேல் போல்ட் சுலபம். கீழ் போல்ட் கண்ணுக்கே தெரியாது. இஞ்சினுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே உள்ள சந்தில் கையை முழங்கை வரை நுழைத்து, விரல் நுனியால் தடவித் தடவித்தான் முடுக்க வேண்டும். தோல் உரிந்தது. போல்ட் நழுவி அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீருக்குள் விழுந்தது. இந்த வண்டியைச் செய்தவன் யாரோ, அவன் ஒரு நாளாவது இதில் கையை விட்டுப் பார்த்திருந்தால் இப்படிச் செய்திருப்பானா என்று அவனையும் அவன் பரம்பரையையும் திட்டிக்கொண்டே துழாவி எடுத்தாள். முடுக்கினாள். இத்தனைக்கும் நடுவில், அவள் கன்னம் இஞ்சின் மேல் அழுந்தியிருந்தபோது, அந்த இரும்புக்குள் ஒரு சின்ன அசைவு வந்து போனது. யாரோ விசிறியில் கையை வைத்து, சுற்றாமல், சும்மா வைத்திருப்பது போல.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

பிளக்குகளைப் போட்டாள். பேட்டரி ஒயரை இணைத்தாள். சீட்டை மாட்டாமலே டிராலியின் பிரேக்கை விட்டு, பின்புறம் தண்ணீரில் அமிழும்வரை சரிவில் தள்ளினாள். இப்போது உறிஞ்சும் வாய் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. இனி அங்கே யாரும் படுக்க முடியாது. அந்த நினைப்பு கொஞ்சம் தைரியம் கொடுத்தது. சாவிக் கயிற்றைச் சொருகினாள். பட்டனில் விரலை வைத்தாள். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது.

“கை எடுத்தாச்சா?”

யாரும் இல்லாத கரையில் அந்தக் கேள்வி அசட்டுத்தனமாக ஒலித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

மோட்டார் சீறியது. இஞ்சின் அரைச்சுற்று சுற்றியது. அப்புறம் நின்றது. இறுகிப்போன இஞ்சின் அப்படி நிற்காது, முனகி முனகி நிற்கும். இது ஓடுகிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியது போல நின்றது. ஸ்டார்ட்டர் ஊளையிட்டது. விரலை எடுப்பதற்குள் எரிந்த வார்னிஷ் நாற்றமும் வெள்ளைப் புகையும் மேலே வந்தன. மறுபடி அழுத்தினாள். ‘டக்’ கூட இல்லை.

“அய்யோ... அய்யய்யோ...”

ஸ்பேனரைத் தூக்கி ஷெட்டுச் சுவரில் அடித்தாள். டிராலியை எட்டி உதைத்தாள். கால்விரல் வலித்ததற்கும் சேர்த்து அழுதாள். ஒரு மணி நேர வேலை. ரெண்டு மோட்டாரும் போச்சு. மூன்றாவது கிடையாது. இஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை, பெட்ரோல் இருக்கிறது, நெருப்பு வருகிறது, சுற்றி விட மட்டும்தான் ஆள் இல்லை. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி வெகுநேரம் அடித்தது.

“அண்ணி.” பல் அடித்துக்கொள்ளவில்லை. குரல் நிதானமாக இருந்தது. “இப்ப குளிரல.”

“டேய்.”

“நெஜமாத்தான். நல்லாருக்கு. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கட்டுமா?”

“கண்ண மூடுன, கொன்னுடுவேன்! பேசிட்டே இரு. எதையாவது பேசு. தம்பி? டேய்!”

தண்ணீர் உறையில் உரசுகிற சத்தம். மூச்சு. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி.

அதற்குப் பிறகுதான், போனைக் காதில் வைத்துக்கொண்டே, அவள் அதைப் பார்த்தாள். திறந்து கிடந்த வண்டி வயிற்றில், இஞ்சினுக்குப் பின்னால், தண்டு சுற்றியது.

மெதுவாக. ஒரு சுற்று. ‘சுஃப்’ என்று இஞ்சின் மூச்சு விட்டது. இன்னொரு சுற்று. ‘சுஃப்’.

பிளக்குகள் போட்டிருக்கின்றன. இந்த அழுத்தத்தை எந்த ஆம்பளையின் விரலாலும் தள்ள முடியாது. நாலு பேர் கம்பி போட்டு நெம்பினாலும் முடியாது. தண்டு அலட்டிக்கொள்ளாமல் சுற்றியது.

“போதும்” என்றாள்.

நின்றது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். படியில் யாருமில்லை. தண்ணீர் வண்டியின் பின்புறத்தை நக்கிக்கொண்டிருந்தது. பழுப்பு. அடி தெரியவில்லை. ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. படியேறி, ரோட்டுக்குப் போய், அந்த அண்ணனின் குடைக்குள் நின்றுகொள். யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

காதில் மூச்சு. இடைவெளி. மூச்சு. இடைவெளி.

அது நீண்டது.

அவள் போனைச் சட்டைக்குள் திணித்தாள். சோக்கை இழுத்தாள். சீட்டைத் தூக்கி வைத்து அழுத்தினாள். ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“சுத்து.”

சர்ர்ர். சுஃப். சுஃப்.

“பத்தாது. வேகமா.”

சுஃப் சுஃப் சுஃப்.

“இன்னும் வேகமா! யாரா இருந்தாலும் சரி, என்ன வேணும்னாலும் எடுத்துக்க, சுத்து!”

வண்டியின் பின்புறம் உலுக்கி எடுத்தது. இஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிடித்துக்கொண்டது. புகையும் தண்ணீரும் சீறின, வண்டி டிராலியிலிருந்து தானாக வழுக்கி ஏரிக்குள் இறங்கியது.

கை எடுத்தாச்சா என்று அவள் கேட்கவில்லை.

பனிக்குள் பாய்ந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியும் முன்பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தது. பின்னால் கனம். ரெண்டு ஆள் உட்கார்ந்தால் வண்டி இப்படித்தான் ஓடும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது. ஆரஞ்சு நிறம் தேடினாள். ஆரஞ்சு. ஆரஞ்சு. எங்கேடா இருக்கிறாய்.

அதோ.

மிதவை. அதில் சாய்ந்த ஒரு தலை.

“தம்பி!”

தலை அசைந்தது. நிமிர்ந்தது. உயிர் இருக்கிறது. தண்ணீரில் ஆள் இருந்தால் பக்கத்தில் போவதற்கு முன் இஞ்சினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சும் வாய் ஆளின் துணியை, முடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். இருபதடி இருக்கும்போதே சாவிக் கயிற்றைப் பிடுங்கினாள். இஞ்சின் அணைந்தது.

எவ்வளவு அமைதி.

வண்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மெதுவாக, நேராக, அவனைப் பார்த்தே போனது. சீட்டுக்கு அடியில், சர்ர்ர். சர்ர்ர். அவனுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றது. அவள் எதுவும் சொல்லாமலே.

“அண்ணி...” உதடு நீலமாக இருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. சிரித்தான். “வந்துட்டீங்க.”

“வந்துட்டேன்டா. கையக் கொடு.”

அவன் மிதவையை விட்டான். வண்டியின் விளிம்பைப் பிடித்தான். ஜெட் ஸ்கீயில் எல்லோரும் பின்பக்கமாகத்தான் ஏறுவார்கள். அவனே நூறு பேரை அப்படி ஏற்றியிருக்கிறான். கை மாற்றிக் கை மாற்றி, பழக்கத்தில், பின்பக்கம் நகர்ந்தான்.

“பின்னாடி போகாத!”

“ஏன்?”

“போகாதன்னா போகாத. இப்படியே ஏறு. நான் இழுக்குறேன். பிடி, கையப் பிடி!”

குனிந்து அவன் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பற்றினாள். ஐஸ். எப்படியோ நெஞ்சு வரை தூக்கிவிட்டாள். இன்னும் ஒரு இழுப்பு. ஒரே ஒரு இழுப்பு.

வண்டியின் பின்புறம் அமிழ்ந்தது.

ஏறுகிறவர்கள் முழங்காலை வைக்கும்போது அமிழுமே, அப்படி. தண்ணீர் வழிந்து கொட்டும் சத்தம், நிறையத் தண்ணீர். அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் பின்பாதி பஞ்சு மெதுவாக நசுங்கியது. முதுகில் ஈரம். சட்டை முதுகோடு ஒட்டியது. பாசி வாடை. அவள் இடுப்பின் ரெண்டு பக்கமும், பின்னால் உட்கார்கிறவர்கள் பிடித்துக்கொள்வது போல, பத்திரமாக, ஏதோ வந்து பிடித்துக்கொண்டது.

அவள் திரும்பவில்லை. கொழுந்தனின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“ஏறுடா” என்றாள். “எதையும் பாக்காத. என்னப் பாரு. என்ன மட்டும் பாரு. ஏறு சாமி, ஏறு.”

அவன் தலையை இல்லை என்று ஆட்டினான்.

மரத்துப்போன விரல்களால் அவள் விரல்களைப் பிரித்தான். முதலில் ஒன்று. அப்புறம் இன்னொன்று. அவள் விடமாட்டேன் என்று இறுக்கினாள். அவன் அழுதுகொண்டே பிரித்தான். கடைசி விரலும் விட்டதும், ரெண்டு காலையும் வண்டியின் மேல் ஊன்றி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து உதைத்துத் தள்ளிக்கொண்டான்.

மல்லாந்து நீந்தினான். அவள் தோளுக்கு மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பத்தடி. இருபதடி. அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மிதவையையும் தாண்டிப் போனான்.